துரு என்று எழுதிய சீட்டு

பழைய முதல் இதழில்
ஆறு கட்டங்களுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.
தேவாலயப் படியில் மாப்பிள்ளை சுடப்படுகிறான்.
மணமுக்காட்டைக் கிழித்து முகமூடி கட்டுகிறாள்.
அப்பன் விட்டுப்போன மாளிகையின் நிலவறையில்
ஒரே இரவில் குத்துச்சண்டை கற்கிறாள்.
ஆறாவது கட்டத்தில் கூரைமேல் நிற்கிறாள்: இராக்கொக்கு.
கீழே கிளீவ்லாண்ட், மேலே நிலா,
குதிகால் செருப்பு நாலு அங்குலம்.

எழுபது வருடமாக அந்த மாப்பிள்ளை
செத்துக்கொண்டே இருக்கிறான்.
பெயர்கூட யாருக்கும் நினைவில்லை.
எனக்கும்தான். தேடிப் பார்த்தேன்: ரால்ஃப்.

மறுபடி எழுது என்றான் டெல்பர்ட்,
இருபத்திரண்டு பக்கம், பிப்ரவரிக்குள்.
முதல் வேலையாக ரால்ஃபை எழுப்பி
வீட்டுக்கு அனுப்பினேன்.
மாளிகையை விற்றேன்.
செருப்பைக் கழற்றினேன்.
மிச்சம் இருந்தவள் வெறுங்காலோடு
வெள்ளைத் தாளில் நின்று
எங்கே போக என்று கேட்டாள்.

வேலைக்குப் போ என்றேன்.

நாற்பத்தொன்பதாம் வருடம், மார்ச்.
உருக்காலைப் புகைக்குக் கீழே, ஆற்றோரம், ஒரு சலவைக்கூடம்.
வெர்னா ஹ்ரின்கோ, முப்பத்தொரு வயது,
ஸ்லோவாக்கியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் மூன்றாவது மகள்,
பஞ்சுத்தூசு ஏறாமலிருக்க
மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருக்கிறாள்.
(முகமூடி இதுதான், டெல்பர்ட். வேறு கிடையாது.)

திங்கள்தோறும் போலீஸ் மூட்டை வரும்.
அதில், கழுத்துப்பட்டைக்குள் நானூற்றுப் பதினேழு என்று
மையால் எழுதிய சட்டை.
வலது கைமடிப்பில் கறை.
கூடவே வரும் சீட்டில் ‘துரு’ என்று எழுதியிருக்கும்.

துருவுக்கு எலுமிச்சை உப்பு.
இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்.
அவள் சீட்டைப் படிப்பாள்,
பச்சைத் தண்ணீரைத் திறப்பாள்.
வெந்நீர் பட்டால் இரத்தம் நூலுக்குள் குடியேறிவிடும்,
பிறகு கிளப்ப முடியாது.
பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியாத இது
ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்,
மாதாமாதம் தெரியும்.

ஏழு திங்கள் வெளுத்துக் கொடுத்தாள்.
கூலி வாங்கினாள், அந்தக் கூலியில் ரொட்டி வாங்கினாள்.
இதை நான் மறைக்கப்போவதில்லை.
யாரும் பிறக்கும்போதே முகமூடியோடு பிறப்பதில்லை,
ஏழு திங்களாவது கையைக் கழுவிவிட்டுப் போயிருப்பார்கள்.

எட்டாவது திங்கள் சட்டைப்பையைத் துழாவினாள்.
ஒரு பொத்தான்.
மஞ்சள். வாத்து வடிவம்.
மேல்மாடி ஓடெசாவின் மகன் லியண்டருக்கு,
போன கிறிஸ்துமஸில், அவன் கோட்டில்
அவள் கையால் தைத்துக் கொடுத்தது.
லியண்டர் ஆற்றில் தவறி விழுந்தான் என்று
சனிக்கிழமைதான் நாலு வரி வந்திருந்தது.

இந்த இடத்தில் டெல்பர்ட் தொலைபேசியில் கத்துகிறான்:
சரி, இப்போது யாரைத் துவைத்துக் காயப்போடுகிறாள்?

சட்டையை என்றேன்.

பச்சைத் தண்ணீர்க் குழாயிலிருந்து கையை எடுத்தாள்.
வெந்நீரைத் திறந்தாள்.
கொதிக்கக் கொதிக்க அமுக்கிப் பிடித்தாள், முழங்கைவரை வெந்தது.
கறை பழுப்பேறி, பட்டா வாங்கிய மாதிரி
நூலில் உட்கார்ந்தது.
கஞ்சி போட்டாள். இஸ்திரி போட்டாள்.
பொத்தானை நெஞ்சில் தைத்தாள்.
எண் வெளியே தெரியக் கழுத்துப்பட்டையை மடித்துவிட்டாள்.
விடியுமுன் நீதிமன்றக் கொடிமரத்தில் ஏற்றிவிட்டு
ஏழு மணி ஷிஃப்டுக்குத் திரும்பினாள்.

ஏரிக்காற்றில் அது அடித்துக்கொண்டதைப் பார்த்த பால்காரன்
ஏதோ இராக்கொக்கு, கால் சிக்கிக்கொண்டது என்று நினைத்தான்.
பெயர் அப்படித்தான் வந்தது.

நானூற்றுப் பதினேழு என்ன ஆனான்?
பக்கம் போதவில்லை என்று டெல்பர்ட்டிடம் சொன்னேன்.
உண்மையில் எனக்குத் தெரியவில்லை.

எழுத்துப் போடும் இமெல்டா கேட்டாள்,
வெந்நீர்க் கட்டத்துக்கு என்ன சத்தம்?
டமாலா, படீரா?
இருவருமாக அவள் சமையலறைக்குப் போய்
குழாயைத் திறந்துவிட்டு நின்றோம்.
முதலில் இருமியது.
பிறகு துரு வந்தது, நிஜமான துரு.
பிறகு தெளிந்தது.
பிறகு சுட்டது.