பொய் வயிறு

உவரி பஸ்ஸில் சாக்கை ஏற்றியபோது
கண்டக்டர் கேட்டார்:
"என்னது, கருவாடா?"
"பாசி."
"பாசியா? இந்த நாத்தம் நாறுது."
கருவாட்டுக்குள்ள லக்கேஜ் கட்டணத்தையே
பாசிக்கும் கிழித்துக் கொடுத்தார்.

கூட்டப்பனைக் கரையில் காற்று ஒதுக்கியதை
மணல் உதறிக் கட்டித் தந்தவள் டெல்சி.
விலை சொல்லவில்லை.
"இத வச்சி என்ன செய்விய?" என்றாள்.
"சுவர் கட்டுவோம்."
"பாசியிலயா? வழுக்கி விழுந்துராதீய."

பாளையங்கோட்டையில் என் மேசைமேல்
ஒரு வயிறு இருக்கிறது.
கண்ணாடி வயிறு.
முப்பத்தேழு டிகிரிச் சூடு, கொஞ்சம் பெப்சின்,
எலுமிச்சையே முகம் சுளிக்கும் புளிப்பு.
அதற்கு வேளை தவறுவதில்லை.
அதைப் பார்த்துக்கொள்ளும் எனக்குத்தான்
காலை இட்லி பதினொன்றரைக்கு,
நெஞ்செரிச்சல் பன்னிரண்டுக்கு.

வண்ணார்பேட்டை மெஸ் ஒன்றின் நீராகாரத்திலிருந்து
பிரித்தெடுத்த நுண்ணுயிர்கள்
நல்லவர்கள். வழிப்பயணம்தான் தாங்காது.
வெறும் மேலோடு அனுப்பினால்
கோடிப்பேர் உள்ளே போனார்கள்,
விரல்விட்டு எண்ணும்படி வெளியே வந்தார்கள்.
அகார் தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன்:
ஐப்பசி பொய்த்த மானாவாரிக் காடுபோல
அங்கொன்று,
இங்கொன்று.

ஆகவே சுவர்.
பாசியை ஊறவைத்து, காய்ச்சி, வடித்து,
கோந்தாய் வந்ததில் அவர்களைக் கலந்து,
கூடவே சின்ன வெங்காயத்திலிருந்து எடுத்த இனுலின்
(வழிக்குக் கட்டுச்சோறு)
ஊசி முனையிலிருந்து சொட்டுச் சொட்டாய்க்
கால்சியக் கரைசலில் விட்டேன்.
விழுந்த கணமே உருண்டு இறுகின,
ஜவ்வரிசிக்குத் தங்கச்சி,
கசகசாவுக்கு அக்கா.

முதல் தடவை சுவர் மெலிவு. செத்தார்கள்.
இரண்டாம் தடவை கரண்ட் போனது. செத்தார்கள்.
மூன்றாம் தடவை ஆத்திரத்தில்
மேலுக்கு இரட்டைப் பூச்சு பூசினேன்.
அமிலத்தில் இரண்டு மணி நேரம்,
ஒரு கீறல் இல்லை.
மைதீன் பாத்து மேடம் தோளில் தட்டினார்.
அன்று மட்டும் மத்தியானச் சாப்பாடு மத்தியானத்தில்.

பிறகு குடல்நீருக்கு மாற்றினேன்.
ஒரு மணி நேரம். மூன்று. ஆறு.
மணிகள் மணிகளாகவே கிடந்தன.
ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தேன்.
உள்ளே அத்தனை பேரும் உயிரோடு,
எங்கும் போய்ச்சேராத உயிரோடு.
அப்படியே விட்டிருந்தால்
இறங்க வேண்டிய ஊரில் இறங்காமல்,
கட்டுச்சோறு அவிழாமல்,
கடைசி நிறுத்தம் தாண்டிப் போயிருப்பார்கள்.

குறிப்பேட்டில் "தோல்வி" என்று எழுதி
அதை அடித்துவிட்டு
"திறக்கவில்லை" என்று எழுதினேன்.

நான்காவதில் பூச்சே வேண்டாம் என்றேன்.
பாசி பார்த்துக்கொள்ளட்டும்.
கடலில் அதற்கு என்ன பழக்கமோ,
புளிப்பில் சுருங்கித் தன்னை இறுக்கிக்கொண்டது,
புளிப்பு தணிந்த நீரில்
ஊறி, உப்பி,
ஓரம் மங்கி,
கண்ணுக்குத் தெரியாமல் தன் பிடியை விட்டது.
தெளிந்திருந்த குழாய் மெல்லக் கலங்கியது.
இப்படி ஒரு கலங்கலுக்குச்
சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததில்லை.

தட்டில் மறுநாள் காலை
இடம் போதாமல் முளைத்திருந்தார்கள்.

டெல்சி போன் செய்தாள்:
"செவரு நிக்கா?"
"இடிஞ்சிட்டு, டெல்சி.
இடிய வேண்டிய எடத்துல."
கொஞ்ச நேரம் பேச்சில்லை. அலைச்சத்தம் மட்டும்.
பிறகு அடுத்த சாக்குக்கு
விலை சொன்னாள்.