பத்தில் ஒன்று

பகலெல்லாம் பிறர் வாய்க்குப் பல் செய்கிறேன்.
மரிபோர் நகரம், திராவா ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி,
மருந்துக்கடைக்கு மேல்மாடி.
வாய்களை நான் பார்ப்பதில்லை.
அவற்றின் அச்சுகள் மட்டும் அட்டைப்பெட்டியில் வரும்,
பெயர் ஒட்டி.

இரவிலும் பல்தான்.
பின்சக்கரத்துப் பல்வட்டுகள் பன்னிரண்டு,
பற்கள் மொத்தம் முன்னூற்று ஒன்பது.
பெரியதில் ஐம்பத்திரண்டு.
சிறியதில் பத்து,
ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இருக்கிற அளவு.
பித்தளைத் தகட்டில் ஒவ்வொன்றாக அராவினேன்.
ஒன்று போனால் வட்டே போச்சு.
மனித வாயில் இவ்வளவு கண்டிப்பு கிடையாது.

மலைச்சைக்கிள் கொராஸ்துடையது.
பொஹோர்யே மலையில் கேபிள்கார் ஓட்டுகிறான்.
முதல் நாள் அதைத் தோளில் சுமந்து
படியேறி வந்தான், சேறோடு.
"இதே, இப்படியே, மேசைமேல் நிற்கிற மாதிரி."
சேறுமா? என்றேன்.
நின்று யோசித்தான், பதில் சொல்லவில்லை.
அந்த யோசனைக்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

வெர்னியரால் ஒரு ராத்திரி முழுக்க அளந்தேன்.
கீழ்க்குழாயில் கல் அடித்த பள்ளம்,
இடது பிடியில் மட்டும் தேய்ந்த ரப்பர்,
பிரேக் குழாய் வளைந்து போகிற அந்தச் சோம்பல்:
எல்லாம் பத்தில் ஒன்று.
சக்கரக் கம்பிக்கு எஃகு இழை,
என் தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன்.
டயருக்கு, ஈறு அச்செடுக்கிற சிலிக்கான்.
சங்கிலிக்கு நூற்று இருபத்தாறு கண்ணி.
தும்மல் வந்தால் எழுந்து
அடுத்த அறைக்குப் போய்த் தும்ம வேண்டும்.
முதல் தடவை போகவில்லை.
நாற்பது கண்ணிகள் இன்னும்
கம்பளத்தில் எங்கோ வாழ்கின்றன.

அக்டோபரில் பிரேக்கை மாற்றினான்.
நானும் மாற்றினேன்.
டிசம்பரில் கைப்பிடி, இருபது மில்லிமீட்டர் அகலம் கூடுதல்.
வெட்டி ஒட்டினேன்.
பிப்ரவரியில் ஊதா நிறப் பெடல்களோடு வந்து
வாசலில் சிரித்தபோது சொல்லிவிட்டேன்:
நான் செய்வது ஜனவரி முப்பத்தொன்றாம் தேதிச் சைக்கிள்.
அதற்குப் பிறகு அது என்ன ஆனாலும்
உன் பாடு, அதன் பாடு.

ஏப்ரலில் சட்டம் விரிந்தது.
வேர்கள் புடைத்த ஓர் இறக்கத்தில்,
பற்றவைத்த இடத்தில், பீங்கான் கோப்பைபோல்.
அவனுக்கு ஒன்றும் இல்லை, முழங்கை சிராய்ப்பு.
கம்பெனி புதுச் சட்டம் அனுப்பியது. பச்சை.
பழைய பாகங்களை அதில் பூட்டியும்
யாரோ ஒருவனின் சைக்கிள்மேல்
உட்கார்ந்திருப்பதாகவே முழங்கால் சொல்கிறதாம்.

"அது எப்படி நின்றது?" என்று கேட்க
என்னிடம் வந்தான்.
மேசைவிளக்கடியில் குனிந்து
மாதிரியை அளந்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு.
பெடல் அச்சிலிருந்து இருக்கைவரை
எழுபத்திரண்டு, தசமம் மூன்று.
பத்தால் பெருக்கி
உள்ளங்கையில் பேனாவால் எழுதினான்.

எனக்குத் தெரியும், அந்த தசமம் மூன்று பிழை.
மூன்று பல்மூடிகள் முடித்த களைப்பில்
தண்டை நீளமாக விட்டேன்,
கண்ணுக்குத் தெரியாது என்று அப்படியே விட்டேன்.
மேசையில் ஒரு மயிரிழை.
மலையில் மூன்று மில்லிமீட்டர்.
வாயைத் திறந்தேன்.
அவன் படியில் இறங்கிவிட்டிருந்தான்.

பல்மூடி ஓர் இழை உயர்ந்தாலும்
மறுநாள் காலையில் போன் வரும்.
நான்கு நாள் போனைப் பார்த்தபடி இருந்தேன்.

ஐந்தாம் நாள் வந்தான், முகமெல்லாம் புழுதி.
"அதேதான்! இல்லை, அதைவிட நல்லது,
ஏன் என்றுதான் புரியவில்லை."
நான் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்,
ஊசிமுனையால், மிகுந்த கவனத்தோடு.

பிறகு, போகிற போக்கில்:
"சேறு கேட்டாயே. வேண்டும்."
எந்தச் சேறு? அந்தச் சைக்கிள்தான் இல்லையே.
கொஞ்சம் யோசித்து
இடது ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தான்.
பற்காறை சுரண்டும் கொக்கியை நீட்டினேன்.
குளிர்காலத்து மண், அடுக்கடுக்காய்,
கிண்ணத்தில் உதிர்ந்தது.

அப்படியே பூச முடியாது.
அதிலிருக்கும் மணல் ஒவ்வொன்றும்
இந்தச் சக்கரத்துக்குப் பாறை.
உரலில் இட்டு அரைக்கிறேன் இப்போது,
மெல்ல.
மலைக்கும் அதே கணக்குதான்.