பாக்கி நோட்டு நீங்கலாக

கல்லாவின் மேல் மூன்று பாலிசிகள்.
வெளியே வால்டிவியாவின் மழை:
செவ்வாயன்று பிடித்தது,
எந்தச் செவ்வாய் என்று நினைவில்லை.
கூரை ஒழுகும் இடத்தில் பச்சை வாளி.
முகவர் ஹெரால்டோ பாரியா வாளியைப் பார்த்தார்.
பார்த்ததைக் குறித்துக்கொண்டார்.

தீ உண்டு. திருட்டு உண்டு.
"நிலநடுக்கம்?"
"அது தனி, சென்யோரா நோல்ஃபா."
இந்த ஊரில் அதைத் தனி என்பது
மீனுக்கு ஒரு விலை, முள்ளுக்கு ஒரு விலை
சொல்வது மாதிரி.

"சரி, ஆறு உள்ளே வந்தால்?"
பொடியெழுத்தில் விரல் ஓடியது.
மேலிருந்து விழும் தண்ணீர் சேரும்,
கீழிருந்து ஏறும் தண்ணீர் சேராது.
முழங்கால்வரை நிற்கிற தண்ணீரிடம்
நீ எந்த வழியாக வந்தாய் என்று
யார் போய்க் கேட்பது?

முதல் மூன்று லட்சம் பெசோ நட்டம் என் தலையில்.
அதற்கு மேல்தான் அவர்கள்.
ஆக, எரிந்தால் கஞ்சத்தனமாக எரியக் கூடாது.

மலிவானதில் கையெழுத்துப் போடு என்கிறான்
என் கூட்டாளி எலியோதோரோ.
அவன் குடை வாங்கிய லட்சணம் எனக்குத் தெரியும்.

சரக்கின் மதிப்பு கேட்டார்கள்.
இரண்டு இரவு எண்ணினேன்.
ஊசி, ஜிப், கம்பளி நூல், லேஸ்,
நூற்றுப் பதினெட்டு இழுப்பறைப் பொத்தான்கள்.
ஜோடியில்லாத ஒற்றைப் பொத்தான்களுக்கு
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
கோட்டில் ஒன்றைத் தொலைத்தவர்
வந்து நிற்கும்வரை அது குப்பை.
வந்துவிட்டால், சொன்னதுதான் விலை.

கடைசி இழுப்பறையில் பாக்கி நோட்டு.
தையல்காரி மிரேயா, மார்ச்சிலிருந்து.
பள்ளிச் சீருடைக்காரர்கள், ஒரு பக்கம் முழுக்க.
அடித்துவிட்ட ஒரு பெயர்,
அவர் கொடுத்து அல்ல, நான் விட்டு.
"இது எரிந்தால்?"
"பெயர்களுக்கு ஈடு இல்லை, சென்யோரா."

நிலநடுக்கம் சேர்ந்த நடுவிலையை எடுத்தேன்.
முகப்புக் கண்ணாடியை விட்டுவிட்டேன்.
உடைந்தால் பலகை அடித்துக்கொள்ளலாம்.
கடை மூடிக்கிடக்கும் நாளுக்கும் பணம் உண்டாம்.
அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தேன்,
மூடிய கடைக்காரி காலையில் எழுந்து
எங்கே போவாள் என்று அதில் இல்லை.

எழுந்தபோதுதான் கவனித்தேன்,
ஹெரால்டோவின் கோட்டில் இரண்டாவது பொத்தான் இல்லை.
அச்சாக அதே நிறம் கிடைக்கவில்லை.
கொஞ்சம் வெளுத்த பழுப்பு, பரவாயில்லை என்றார்.
சில்லறை இல்லை என்றும் சொன்னார்.

நோட்டில் ஏற்றினேன்: பாரியா, பழுப்பு ஒன்று, முந்நூறு.
பிளாஸ்டிக் பையில் சுற்றி
அன்றே வீட்டுக்கு எடுத்துப்போனேன்,
வாளியைக் கொட்டிவிட்டு.