ஈரக் கழிவு

முதலில் ஒரு வளைவு,
பூனை வாலைச் சுருட்டி உட்கார்ந்த மாதிரி.
அதன் முதுகில் இன்னொன்று.
நடுவில் புள்ளி.
பிறகு இதையே, இதையே, இதையே,
ரசீதுப் புத்தகத்தின் சிவப்புக்கோட்டுக்கு வெளியே,
லாரி வரும்வரை.

கட்டபெட்டு வளைவில் காட்டெருமை நின்றால்
லாரி வராது.
சகாயம் ஹாரன் அடிக்க மாட்டான்;
இன்ஜினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைப்பான்.
எனக்கு அது இரண்டு வரிசை.
மழையும் சேர்ந்தால் ஐந்து.
சாலையில் கற்பூர மரம் விழுந்த இரவு
தாள் தீர்ந்து
எடைமேசைத் தகரத்தில் இறங்கிவிட்டது பேனா.

மேலே, இலை வாட்டும் தளத்தில் விசிறிகள் ஓடும்.
அந்த இரைச்சலைக் கேட்டுத்தான் என் கை திரும்புகிறது என்று
கொஞ்ச நாள் நம்பினேன்.
மின்சாரம் போன அன்றும் கை நிற்கவில்லை.

ஒருமுறை தும்மல்.
நாலாவது வளைவு இடப்பக்கம் சாய்ந்துவிட்டது.
அழிக்க முடியாத மை.
எட்டாவதையும் சாய்த்தேன்.
பன்னிரண்டாவதைச் சாய்க்கும்போது
அதுதான் சட்டம் என்று ஆகிவிட்டது,
முதல் மூன்றும் அதற்குக் காத்திருந்தன.

"கோலமா?" என்றார் சூப்பர்வைசர் ஹாலன்.
கோலத்துக்கு வாசல் வேண்டும், விடியவும் வேண்டும்.
இதற்கு வராத லாரி போதும்.

ஐப்பசிக் கடைசியில் பெள்ளன் வந்தார்,
ஓரசோலைப் பக்கம், ஒன்றரை ஏக்கர்.
கடைசியாக ஏறுவதால்
முதலில் இறங்கும் மூட்டை அவருடையது,
முதல் ரசீதும்.
பையிலிருந்து ரப்பர்பேண்ட் போட்ட கட்டை எடுத்து
சீட்டு பரப்புவதுபோல் பரப்பினார்.
மூன்று மாதம். மூன்றாம் பிரதி. வெளிர்சிவப்புத் தாள்.
அவசரத்தில் எழுதிய எண்கள் மங்கல்.
ஓரத்தில், அழுத்தி அழுத்தி,
பளிச்சென்று என் பூனைவால்கள்.

கார்பன்!
அதை நான் நினைத்தே பார்க்கவில்லை.
இரண்டாம் பிரதி குன்னூர் ஆபீசுக்குப் போகிறது;
அங்கே யாரும் ஒன்றும் கேட்டதில்லை.
மூன்றாவது, அவர் வீட்டு ஆணியில்
கரண்ட் பில்லோடு குத்தி,
இத்தனை நாள் என் காத்திருப்பு.

"இது என்ன கழிவும்மா?
சாக்குக்கு ரெண்டு கிலோ, தெரியும்.
ஈரத்துக்கு நூத்துக்கு எட்டு, தெரியும்.
இந்தச் சுழிக்கு எவ்வளவு?
ஒரு வரிசை போட்ட அன்னிக்கு நாலு கிலோ போச்சு.
அஞ்சு வரிசை போட்ட அன்னிக்குப் பதினாறு.
சும்மா விட்ட அன்னிக்கு ஒண்ணும் போகல.
பையன் உட்கார்ந்து எண்ணிட்டான்."

எண்ணிக்கை சரி.
மழை பெய்தால் லாரி தாமதம்,
தாமதித்தால் வரைவேன்.
மழை பெய்தால் இலை ஈரம்,
ஈரமென்றால் கழிப்பேன்.
சொன்னேன். மேகத்தைச் சொன்னேன், எருமையைச் சொன்னேன்,
விழுந்த மரத்தையும் சாட்சிக்கு இழுத்தேன்.
சொல்லச் சொல்ல எனக்கே பொய்போல் இருந்தது.
இலையைப் பிழிந்து பார்த்து
எட்டா பத்தா என்று முடிவு செய்வதும்
இதே கை.
ஐந்து வரிசை உட்கார்ந்து சலித்த கை
கொஞ்சம் தாராளமாகக் கழித்திருக்குமோ?

மறுநாளிலிருந்து ஓரம் வெள்ளை.
சன்னல் கண்ணாடியில் ஆவி படியும்,
அதில் விரலால் போடுவேன்.
மூன்றாவது வரிசைக்குள்
முதல் வரிசை ஒழுகிவிடும்.

புதன்கிழமை, கொட்டும் மழை.
சகாயத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவரே வந்துவிட்டார்.
சாக்கு நீக்கி நூற்றைம்பது,
ஈரக் கழிவு பன்னிரண்டு.
ரசீதை விளக்கில் பிடித்தார்,
திருப்பினார், மறுபடி திருப்பினார்.
"சுழி இல்லையே," என்றார்,
"அப்புறம் எதுக்குப் பன்னிரண்டு?"

கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினேன்.
குளிரில் மை இறங்கவில்லை.
ஒருமுறை உதறிவிட்டு
மூலையில் கீறிப் பார்த்தார்.
ஒரு சுற்று,
அதன் முதுகில் இன்னொரு சுற்று,
மை வரும்வரை.