வான்வழித் தூரம்

கோப்பின் பெயர் 'இணைப்பு'.
மூடுதல் என்ற சொல் எங்கும் வரக் கூடாதென்று
வாய்மொழி உத்தரவு.

புளியந்தோப்பில் கால்வாயை ஒட்டிய பள்ளி.
வரைபடத்தில் விரலால் அளந்தேன்:
அடுத்த பள்ளிக்கு எழுநூற்று ஐம்பது மீட்டர்.
ஒரு கிலோமீட்டருக்குள். விதிக்குப் பொருந்தும்.
கோப்பு மேலே போனது,
பச்சை மையோடு இறங்கி வந்தது.

தலைமையாசிரியை ஜெசிந்தா வாதாடவில்லை.
சாவிக்கொத்தை மேசையில் பரப்பினார்.
இது பீரோ.
இது சத்துணவுக்கூடம்.
இது எதுக்குன்னு தெரியாது சார்,
நான் வந்தப்பவே இருந்துச்சு.

பெஞ்சு நாற்பத்தியொன்று.
தட்டு இருநூற்றுப் பத்து.
உலக உருண்டை ஒன்று, ஆப்பிரிக்கா இருந்த இடத்தில் ஓட்டை.
பிள்ளைகள் பதினான்கு.

மற்றவர்கள் எங்கே என்று நான் கேட்கவில்லை;
காரணம் பதிவேட்டில் இருந்தது.
கரையோரக் குடிசைகளை எடுத்துப்
பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வைத்த வருடம்
ஒரே வாரத்தில் நூற்றுப்பத்து மாற்றுச் சான்றிதழ்.
கட்டிலோடும் கேஸ் அடுப்போடும் லாரியில் ஏறிப் போன வகுப்புகள்.
மழை வீட்டுக்குள் வந்த வருடம் இன்னும் முப்பது.
மிச்சத்தை மஞ்சள் வேன் அள்ளிக்கொண்டது.

அயனாவரத்தில் அதே மாதிரி ஒரு வேனுக்கு
காலை ஏழு பத்துக்கு என் மகன் நிற்பான்.
ஜெசிந்தா அதைக் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

பெரும்பாக்கத்தில் ஒரு வகுப்பில் எழுபது பேராம்.
இங்கே ஒரு பள்ளிக்கே பதினான்கு.
இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால்
நன்றாகத்தான் வருகிறது.
பல கூட்டங்களில் காட்டியிருக்கிறேன்.

கடைசி நாள்
பதினான்கு பேரையும் புதுப் பள்ளிக்கு
நானே நடத்திக் கூட்டிப்போனேன்.
நடுவில் ரயில் தண்டவாளம்.
வரைபடத்தில் அது
தையல் விட்ட நூல் மாதிரி இருந்தது.
சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர்,
மூன்று நாளாய் மழையில்லை, தண்ணீர் மட்டும் இருந்தது.
மேம்பாலம் சுற்றினால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல்.

மூன்றாம் வகுப்பு யுவனிதா
என் சட்டையை இழுத்தாள்.
'சார், இப்டி வாங்க. சீக்கிரம் போயிரலாம்.'
மதில் சுவரில் ஒரு ஓட்டை.
ஓரமெல்லாம் வழவழவென்று தேய்ந்து,
ஒரு பிள்ளையும் ஒரு புத்தகப் பையும்
நுழையும் அளவு.
நான் நுழைய முடியாத அளவு.

வண்டி ஒன்று போய் முடியும்வரை
சுவர் நடுங்கியது.
பதினான்கு பேரும் பெட்டிகளை எண்ணினார்கள்,
இருபத்தொன்றா இருபத்திரண்டா என்று சண்டை வேறு.

மேம்பாலம் ஏறினோம். வெயில்.
பாதியில் ஒருவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான்.

அன்று மாலை எழுநூற்று ஐம்பதை அடித்துவிட்டு
இரண்டாயிரத்து நூறு என்று எழுதினேன்.
கோப்பு மறுபடி மேலே போனது,
மறுபடி பச்சை மையோடு வந்தது:
'வான்வழித் தூரமே கணக்கில் கொள்ளப்படும்.'

மறுநாள் புதுப் பள்ளியில்
பதினான்கு முட்டை கூடுதலாக வெந்தது.
ஒன்பது பேர் வந்தார்கள்.
மிச்சம் ஐந்து முட்டையை
எந்தத் தலைப்பில் எழுதுவதென்று
சத்துணவு அமைப்பாளர் போனில் கேட்டார்.

இருப்பில் காட்டுங்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

'அவிச்ச முட்டை சார்' என்றார்.