வாயு

பதினொரு வருசமாய் டெலிபோனில் மொழிபெயர்க்கிறேன்.
டாக்டர் ஜெர்மனில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன்.
அந்தக் கேள்வி வந்தால் மட்டும் தொண்டையைச் செருமி
"ஐயா, வாயு பிரிந்ததா?" என்பேன்,
ஏதோ வைத்தியச் சுவடியிலிருந்து இறங்கி வந்தவள் மாதிரி.
மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமிராது.
பிறகு, "என்ன பிள்ளை பிரிஞ்சது?"

இப்போது ஓல்டனில், ஐந்தாம் மாடியில்,
தாதி லடினா அதை என்னிடமே கேட்கிறாள்.
ஜெர்மனில் அது மிகச் சின்னக் கேள்வி.
இன்னும் இல்லை என்கிறேன்.
படிவத்தில் ஒரு கோடு கீறிவிட்டுப் போகிறாள்.

பதினெட்டு சென்டிமீட்டரை வெட்டி எடுத்து
இரண்டு நுனியையும் பொருத்தியிருக்கிறார்கள்.
ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுக்கச் சந்திதான்:
பாசல், பேர்ன், சூரிச், லுட்சேர்ன்,
எல்லாம் இங்கே வந்துதான் பிரிந்து போகின்றன.
மூன்று நிமிடம் பிந்தினால் ஒலிபெருக்கி மன்னிப்புக் கேட்கும்.
என் குடல் இரண்டு நாளாய் எதையும் அறிவிக்கவில்லை.

நாளுக்கு மூன்று தரம் சூயிங்கம் தருகிறார்கள்.
சாப்பாடு வருகிறதென்று வயிற்றை நம்பவைக்கவாம்.
வகுப்பில் இதை மென்றதற்காக
ஆரூரன் கொண்டுவந்த கடிதத்தில்
திட்டித் திட்டிக் கையெழுத்து வைத்தவள் நான்.
புதினாவா ஸ்ட்ராபெரியா என்று
வாட்ஸப்பில் கேட்கிறான் இப்போது.

கறுத்தக் கோப்பியும் உதவுமாம்.
நோவு மருந்தைக் குறைத்தால் குடல் கெதியாய் முழிக்குமாம்.
குறைத்தார்கள். முதலில் முழித்தது நான்.

சேலைன் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு
பதினான்காம் அறை மட்டும் போய்வர வேண்டும்.
எனக்கு முன்னால் ஹூர்செலர் அம்மா, வயது எண்பத்தொன்று,
எனக்கு முதல்நாள் வெட்டியவர்.
திரும்பிப் பார்க்காமலே சொல்கிறார்:
"நான் இன்றைக்கு ஆறு சுற்று."

மூன்றாம் நாள் வயிறு பானையாய் ஊதியது.
மத்தியானச் சூப் பச்சையாய்த் திரும்பி வந்தது.
மூக்குக்குள் குழாய் விட்டார்கள்.
யோகேந்திரன் ரசப் பிளாஸ்கை மடியில் வைத்தபடி
திறக்காமல் இருந்தார்.
போகும்போது லடினாவை மறித்து, சொல் தெரியாமல்,
கன்னத்தை உப்பி வாயால் ஒரு சத்தம் போட்டார்.
"இல்லை, இன்னும் இல்லை" என்றாள் அவள் உடனே.
பதினொரு வருசத்தில்
நான் அவ்வளவு துல்லியமாய் மொழிபெயர்த்ததில்லை.

வாடை, கொண்டல், சோழகம், கச்சான்:
திசைக்கொரு பெயர் வைத்திருக்கிறோம்.
இந்தக் காற்றின் பெயரை மட்டும்
சின்னப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டோம்.

ஐந்தாம் நாள், விடிய மூன்று இருபது.
சரக்கு ரயில் பாலம் கடக்கும் இரைச்சல் என்றுதான் நினைத்தேன்.
ரயில் இல்லை.
சின்னது. பிறகு, கொஞ்சம் யோசித்து, இன்னொன்று.
திரைச்சீலைக்கு அப்பாலிருந்து ஹூர்செலர் அம்மா
"வாழ்த்துகள்" என்றார், முழித்தே இருந்திருக்கிறார்.
தையலில் தலையணையை அமுக்கிக்கொண்டு
இரண்டு பேரும் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டோம்.
கண்ணீர் வந்தது, அது சிரிப்பாலா என்று
லடினாவின் படிவத்தில் கட்டமில்லை.

அதோடு முடிந்ததென்று யாரும் நினைக்க வேண்டாம்.
வீட்டில் நாளுக்கு ஒன்பது தரம்.
பயறா, இடியப்பமா, எது எத்தனை மணிக்கு
என்று ஒரு கொப்பி நிரம்பியிருக்கிறது.
எந்த ஸ்டேஷன் கழிப்பறை சும்மா திறக்கும்,
எது காசு கேட்கும் என்பதும் அதில் உண்டு.
கோட்டுப் பையில் எப்போதும் ஒரு பிராங் குத்தி.

போன கிழமை திரும்ப வேலைக்கு வந்தேன்.
ஆராவ் ஆஸ்பத்திரி. நாலாம் நாள் நோயாளி.
டாக்டர் கேட்டார்.
பழக்கத்தில் தொண்டையைச் செருமினேன்.
பிறகு, "அண்ணை, குசு விட்டனீங்களோ?"
சத்தமில்லை. பிறகு ஒரு சிரிப்பு, உடனே ஒரு "ஆ".
"சிரியாதேங்கோ, தையல் நோகும்."
"இல்லைத் தங்கச்சி. ஆனா வாறமாதிரிக் கிடக்கு."

என்ன சொல்கிறார் என்றார் டாக்டர்.
பிந்தி ஓடுகிறது, என்றேன்.
வழியில்தான் இருக்கிறதாம்.