ஓய்வு நாளில் ஆடியவள்

பன்னிரண்டு நல்ல எண்.
இரண்டால் வெட்டு, மூன்றால் வெட்டு, நான்கால் வெட்டு,
மீதி விழாது.
பள்ளியில் கணக்கு நடத்துகிறவன் என்பதால்
அட்டவணையை என் தலையில் கட்டினார்கள்.
இருபது வயதுக்கு உட்பட்ட பெண்கள், பன்னிரண்டு நாடுகள்.
கம்பி ஆலைக்குப் பின்னால் உள்ள கூடத்தில்
வெண்பலகை முழுக்க நான்கு நிற மையில்
பிரிவுகள், கால்இறுதி, அரையிறுதி.
உச்சியில் ஒற்றைப் பெட்டி காலியாக.
தள்ளி நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

செவ்வாய் இரவு முதல் கடிதம்:
விசா வரவில்லை, வருந்துகிறோம்.
பதினொன்று.
பகா எண் என்றால் பகுபடாத எண் என்று
வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.
அது ஒருவனைத் தூங்கவிடாது என்று சொன்னதில்லை.

புதன், எட்டுப் பேருக்குக் காய்ச்சல். பத்து.
வியாழன், ஒரே நாட்டிலிருந்து இரண்டு கடிதங்கள்.
வருகிறோம் என்றது முதலாவது.
அதில் கையெழுத்திட்டவர் தலைவரே அல்ல என்றது அடுத்தது.
ஒன்பது.
சரி, மூன்று மூன்றாக மூன்று பிரிவு.
ஒரு காபி குடிக்கும் அளவுக்கு நிம்மதி.
வெள்ளி மதியம் இன்னும் இரண்டு:
விமானச் சீட்டுக்குப் பணமில்லை என்று மால்டோவா,
காரணமே எழுதாமல் இன்னொன்று.

"இப்போ என்ன செய்யறது, ரேமோண்ட்ஸ்?" என்றாள் ட்ஸிந்த்ரா.
'இறுதிப் போட்டி' என்று அச்சடித்த
அறுநூறு டிக்கெட்டுகள் அவள் மடியில்.
எல்லோரும் எல்லோருடனும், என்றேன்.
ஏழு அணி, இருபத்தொரு ஆட்டம், ஏழு நாள்.
இறுதி கிடையாது. அட்டவணையில் மேலே இருப்பவர் வென்றவர்.
பலகையைத் துடைத்தேன்,
பச்சை மை மட்டும் போகவில்லை.
ஏழு ஒற்றைப்படை, தினமும் ஓர் அணி உட்கார வேண்டும்.
கணக்கு நேராக, இல்லாத எட்டாவது அணி ஒன்றைச் சேர்த்து
அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்தேன்.

சனிக்கிழமை பத்தரை மணிக்கு
கடற்காற்று கதவைத் தள்ள, கூடவே ஒரு பெண்.
தோளில் பை, காதுவரை கம்பளித் தொப்பி.
ரீகாவில் படிக்கிறவள், பேருந்தில் நேராக வந்துவிட்டாள்.
இலிங்கா. ஒன்பதாம் எண். மால்டோவா.
"எங்க டீம் வந்தாச்சா?"

ட்ஸிந்த்ரா டிக்கெட்டுகளை எண்ணத் தொடங்கினாள்,
ஏற்கெனவே எண்ணியவைதான்.
நான் பட்டியலைத் திருப்பிக் காட்டினேன்.
பன்னிரண்டு பெயர்களின் மேல் ஒரே கோடு,
ஸ்கேல் வைத்து நான் போட்டது.
நெடுநேரம் பார்த்தாள். பிறகு,
"என் பேர்ல எழுத்துப்பிழை இருக்கு" என்றாள்.

திரும்பும் பேருந்து ஐந்து மணிக்கு.
அன்று ஐஸ்லாந்துக்கு ஓய்வு.
ஓரக் கூடையில் பயிற்சி,
ஒருத்திக்குக் கணுக்கால் வீங்கி, ஒன்பது பேர்தான்.
ஐந்துக்கு ஐந்து ஆட ஒரு ஆள் குறைய
அவர்கள் இவளைப் பார்த்தார்கள்,
இவள் தொப்பியைக் கழற்றினாள்.
ஐந்து மணிப் பேருந்து போய்விட்டது.

மறுநாள் எஸ்டோனியா. அவர்களிடம் முழுசாகப் பன்னிரண்டு பேர்,
இருந்தும் கூப்பிட்டார்கள்.
மூன்றாம் நாள் பயிற்சியாளர் கையை விரித்தார்:
காப்பீடு இல்லாத பெண், முட்டி போனால் யார் பொறுப்பு?
அன்று என் மேசையில் உட்கார்ந்து
பந்து யாருக்கு என்று காட்டும் அம்புக்குறியைத் திருப்பினாள்.
ஒருமுறை தப்பாகத் திருப்பி நடுவரிடம் திட்டு வாங்கினாள்.
நான்காம் நாள் மறுபடி ஆடினாள்.
இரவில் ட்ஸிந்த்ராவின் சோபா,
காலையில் பீட்ரூட் சூப்பின் மிச்சம்.
அலைபேசியில் தோழிகள் ஒவ்வொருவராக அழுதார்கள்,
இவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஷூ லேஸ் கட்டினாள்.

ஏழாம் நாள் கோப்பையை யாரோ தூக்கினார்கள்.
இறுதி ஆட்டம் எப்போது என்று
அரங்கில் பாதிப் பேர் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள்.

இரவு அறிக்கைப் படிவம்.
பங்கேற்ற அணிகள்: எண்ணால் எழுதவும்.
ஏழு என்று அடித்தேன். அழித்தேன்.
ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர்,
அவர்களில் ஒருத்தி வந்தாள்.
ஏழு, அதன் பக்கத்தில் பன்னிரண்டில் ஒன்று.
கட்டம் சிவந்தது:
முழு எண் மட்டுமே ஏற்கப்படும்.

மூன்று முறை அடித்துப் பார்த்தேன்.